அம்மாவின் மணிக்கட்டும் பதினைந்து சதவீதமும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. படித்தது பொறியியல், பிழைப்பு மென்பொருள். சட்டத்தைப் பற்றி எழுத எனக்கிருக்கும் ஒரே தகுதி, ஒரு சின்ன விபத்துக்குப் பிறகு வார இறுதிகளில் உட்கார்ந்து ஆஸ்திரேலியச் சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் படித்தது மட்டுமே. எனவே இதை யாரும் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விபத்து இதுதான். திருவாரூரிலிருந்து எங்களைப் பார்க்க சிட்னிக்கு வந்திருந்த அம்மா, மேற்குப் புறநகர் ஒன்றின் ஷாப்பிங் சென்டரில் வழுக்கி விழுந்தார். பழக்கடைக்கு வெளியே தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. வழுக்கும் என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகை அங்கே இல்லை. அம்மாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் ஒருவர் அதைக் கொண்டுவந்து வைத்தார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பின்னும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. பயணத்துக்கு எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும் அம்மாவால் தோசைக் கல்லை ஒரு கையால் தூக்க முடியவில்லை. வாசலில் கோலம் போடுவதைப் பக்கத்து வீட்டுப் பெண் ஏற்றுக்கொண்டாள். எழுபது வயதில், தனியாக இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வழக்கு போடும் குடும்பம் இல்லை எங்களுடையது. இருந்தாலும் அலுவலக நண்பர்கள் வற்புறுத்தியதால் பாரமட்டாவில் இருக்கும் ஓர் ஈழத்தமிழ் வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மாவின்ர காயம் உண்மை. அவையள் கவனமில்லாமல் விட்டதும் உண்மையா இருக்கலாம். ஆனா கணக்கு சரிவராது தம்பி" என்றார். காசு எதுவும் வாங்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அவர் சொன்ன அந்தக் 'கணக்கு' என்ன என்று தெரிந்துகொள்ளக் கிளம்பியதன் விளைவுதான் இக்கட்டுரை.

பசுவுக்கு என்ன கிடைத்தது?

அம்மா திருவாரூர்க்காரர் என்பதால் எங்கள் வீட்டில் மனுநீதிச் சோழன் கதை அடிக்கடி வரும். இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் கன்று சிக்கி இறக்கிறது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுக்கிறது. மகனைத் தேர்க்காலில் இட்டுக் கொல்ல அரசன் முடிவு செய்கிறான். பெரியபுராணத்தில் சேக்கிழார் விரிவாகப் பாடிய கதை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலையே உண்டு.

இந்தக் கதையில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. தவறு செய்தவனுக்கு என்ன தண்டனை என்பது ஒன்று. இழந்தவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்வியை எடுத்துக்கொள்வது குற்றவியல் சட்டம். அங்கே வழக்கு தொடுப்பது அரசாங்கம். முடிவில் அபராதம் அல்லது சிறை. இரண்டாவது கேள்விக்கு உரியது சிவில் சட்டத்தில் 'டார்ட்' எனப்படும் பகுதி. தமிழில் தீங்கியல் சட்டம் என்கிறார்கள். அங்கே வழக்கு தொடுப்பவர் பாதிக்கப்பட்டவர். முடிவில் கிடைப்பது இழப்பீடு. அரசன் முதல் கேள்விக்குத்தான் தீர்ப்புச் சொன்னான். இளவரசன் செத்தால் பசுவுக்குக் கன்று திரும்பி வராது. கடைசியில் சிவபெருமான் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் உயிர்ப்பிக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், தீங்கியல் சட்டத்தின் இலட்சியமும் இதுவேதான். விபத்தே நடக்காதிருந்தால் அந்த மனிதர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலையில் அவரைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கடவுளால் முடியும். நீதிபதியிடம் இருக்கும் ஒரே கருவி பணம்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்காமல் போவதும் உண்டு. போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்தது. இழப்பீடு 1989ல் 47 கோடி டாலர் என்று மொத்தமாகப் பேசி முடிக்கப்பட்டது. குற்றவியல் தீர்ப்பு 2010 ஜூனில் வந்தபோது, யூனியன் கார்பைடின் இந்திய நிறுவன அதிகாரிகளுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுச் சிறை. நம் ஊரிலிருந்து வந்தவர்கள் ஆஸ்திரேலிய நீதிமன்றங்களை மரியாதையோடு பார்ப்பதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் ஒரு காரணம். அந்த மரியாதை பெருமளவுக்கு நியாயமானதுதான். ஆனால் இங்கும் மணி கட்டியிருக்கும் உயரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நத்தையும் உருளைக்கிழங்கு வறுவலும்

கவனக்குறைவுக்காக வழக்கு போடும் உரிமை இன்றைய வடிவத்துக்கு வந்தது 1932ல். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1928ல் ஒரு பெண்மணி குடித்த இஞ்சி பீர் பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்ததாக எழுந்த வழக்கு அது. பாட்டிலை வாங்கியது அவருடைய தோழி. எனவே தயாரித்தவருக்கும் குடித்தவருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. இருந்தாலும், தன் செயலால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டுமோ அவர்களிடம் அவருக்குக் கவனக் கடமை உண்டு என்று லண்டன் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவும் உடனே தன் பங்குக்கு ஒரு வழக்கை அனுப்பியது. அடிலெய்டில் ஒரு டாக்டர் வாங்கிய கம்பளி உள்ளாடையில் தங்கிவிட்ட ரசாயனத்தால் அவருக்குக் கடுமையான தோல் நோய் வந்தது. 1935ல் ப்ரிவி கவுன்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

வழக்கு போடுபவர் நிரூபிக்க வேண்டியவை சுருக்கமாக இவை: எதிராளிக்குக் கவனக் கடமை இருந்தது, அவர் அதை மீறினார், அந்த மீறலால்தான் காயம் ஏற்பட்டது. கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு.

2004 செப்டம்பரில் நியூ சவுத் வேல்ஸின் டாரி நகரில், ஊன்றுகோலுடன் நடந்துகொண்டிருந்த, ஒரு கால் இழந்த பெண்மணி ஒரு ஷாப்பிங் சென்டரில் விழுந்தார். ஊன்றுகோலின் நுனி தரையில் கிடந்த ஓர் உருளைக்கிழங்கு வறுவலில் வழுக்கியது. அந்த இடத்தை அப்போது விற்பனைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது வூல்வொர்த்ஸ் நிறுவனம். கீழ் நீதிமன்றம் 5,80,000 டாலருக்குச் சற்று மேல் இழப்பீடு கொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வறுவல் எவ்வளவு நேரமாகத் தரையில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரு நிமிடம் முன்பு விழுந்திருந்தால், ஒழுங்காகச் சுற்றிப் பார்த்துச் சுத்தம் செய்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காதே என்பது வாதம்.

2012 மார்ச்சில் உயர் நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் 'ஹை கோர்ட்' என்பதுதான் உச்சபட்சம்) தீர்ப்பை மறுபடி அந்தப் பெண்மணியின் பக்கம் திருப்பியது. அதன் தர்க்கம் என்னைப் போன்ற கணிப்பொறிக்காரர்களுக்குப் பிடிக்கும். கடை அங்கே விரித்தது காலை 8 மணிக்கு. அவர் விழுந்தது 12.30க்கு. நியாயமான கவனம் என்றால் 20 நிமிடத்துக்கு ஒருமுறையாவது தரையைப் பார்த்திருக்க வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தில், வறுவல் கடைசி 20 நிமிடத்துக்குள் விழுந்திருப்பதைவிட அதற்கு முன் விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். என் கணக்குப்படி 270 நிமிடத்தில் 20 என்பது ஏழு சதவீதம் சொச்சம். சிவில் வழக்கில் 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்கத் தேவையில்லை; இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கு வாய்ப்பு அதிகம் என்றால் போதும். இந்த எளிய விஷயம் முடிவாவதற்கு ஏழரை ஆண்டுகள் ஆயின.

அவராவது கதவுக்குள் நுழைந்தார். அவருடைய காயம் முதுகெலும்பில், பெரியது. அம்மாவைப் போன்றவர்கள் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுவது ஏன்?

2001, 2002: மூன்று செய்திகள்

முதல் செய்தி: 2001 மார்ச்சில் எச்.ஐ.எச். என்ற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி திவாலானது. 530 கோடி டாலர் வரை பற்றாக்குறை என்று மதிப்பிட்டார்கள். ஆஸ்திரேலிய வரலாற்றில் அதுவரை கண்டிராத சரிவு. பொது இடங்களில் நடக்கும் விபத்துகளுக்கான இன்ஷூரன்ஸில் அதற்குப் பெரும் பங்கு இருந்தது. வியாபாரத்தைப் பிடிப்பதற்காகக் குறைந்த பிரீமியம் வாங்கியதும், வரப்போகும் இழப்பீடுகளுக்குப் போதுமான பணத்தை ஒதுக்காததும்தான் அது விழுந்ததற்கு முக்கியக் காரணங்கள் என்று நீதிபதி நெவில் ஓவன் தலைமையிலான ராயல் கமிஷன் 2003ல் சொன்னது. நிறுவனத்தை நடத்திய ரே வில்லியம்ஸும் இயக்குநராக இருந்த ராட்னி ஆட்லரும் 2005ல் ஆளுக்கு நான்கரை ஆண்டு தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்கள். தேர்க்கால் நீதி கிடைத்தது. பாலிசி வைத்திருந்தவர்களுக்கோ அரசாங்கம்தான் வரிப்பணத்தில் உதவ வேண்டியிருந்தது.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு உலகம் முழுவதும் மறு-இன்ஷூரன்ஸ் விலை ஏறியது. 2002 மே மாதம், நியூ சவுத் வேல்ஸின் பெரும்பாலான மருத்துவர்களுக்குப் பாதுகாப்பு அளித்துவந்த யுனைட்டட் மெடிக்கல் ப்ரொடெக்ஷன் தற்காலிகக் கலைப்பு நிலைக்குப் போனது. இது இரண்டாவது செய்தி.

மூன்றாவதுதான் எல்லோர் வாயிலும் விழுந்தது. சிட்னியின் போண்டாய் கடற்கரையில் 1997ல் ஓர் இளைஞர், பாதுகாப்பான பகுதி என்று கொடி நட்டிருந்த இடத்தில், அலைக்குள் பாய்ந்தார். நீருக்கடியில் மணல்திட்டு. தலை மோதிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 2002ல் ஜூரி, வேவர்லி நகராட்சி 37.5 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றது. "கடலில் மணல் இருந்ததற்கு நகராட்சி பொறுப்பா?" என்று வானொலியிலும் பத்திரிகையிலும் கொதித்தார்கள். அவர் 25 சதவீதத் தவறு தன்னுடையது என்று கழித்த பிறகே அத்தொகையைப் பெற்றார் என்பதும், கொடியை அந்த இடத்தில் நட்டதுதான் வழக்கின் மையம் என்பதும் அதிகம் பேசப்படவில்லை. இடையில் மேல்முறையீட்டில் தோற்று, 2005 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் 3க்கு 2 என்ற கணக்கில் ஜெயித்தார். அதே ஆண்டு அக்டோபரில், வேறு இரண்டு கடற்கரைகளில் அதே மாதிரி பாய்ந்து அதே மாதிரி உடல் செயலிழந்த இருவர் அதே நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதில் ஒருவர் தோற்றது 4க்கு 3. கழுத்து முறிந்த மூவரில் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் பணம். மற்ற இருவருக்கு ஒன்றுமில்லை.

இந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த காபிக் கதையும் மின்னஞ்சல்களில் சுற்றிக்கொண்டிருந்தது. மடியில் காபியைக் கொட்டிக்கொண்ட பாட்டிக்கு மெக்டொனால்ட்ஸ் பல லட்சம் டாலர் கொடுத்த 1994ஆம் ஆண்டுக் கதை. நானும் சிரித்தவன்தான். பின்னால் படித்தால், அந்த 79 வயதுப் பெண்மணிக்கு மூன்றாம் நிலைத் தீக்காயம். தோல் ஒட்டு சிகிச்சை நடந்தது. காபி 80 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அதற்கு முன்பே எழுநூறு புகார்கள் வந்திருந்தன. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர்தான். ஜூரி சொன்ன பெருந்தொகையை நீதிபதியே வெகுவாகக் குறைத்துவிட்டார். ஒரு கதை எவ்வளவு சிரிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் பாதி விடுபட்டிருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

இப் குழுவும் புதிய சட்டமும்

2002 ஜூலையில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நீதிபதி டேவிட் இப் தலைமையில் நால்வர் குழுவை நியமித்தன. ஒரு சட்டப் பேராசிரியர், ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், ஒரு மேயர் மற்ற மூவர். மூன்று மாதத்தில் அறிக்கை. குழுவிடம் கேட்கப்பட்டது "வழக்குகள் உண்மையிலேயே பெருகிவிட்டனவா?" என்பது அல்ல. பொறுப்பையும் இழப்பீட்டுத் தொகையையும் குறைப்பதற்கு வழி சொல்லுங்கள் என்பதுதான். மக்கள் மத்தியில் உள்ள எண்ணம் சரியா தவறா என்று சோதிப்பது தங்கள் வேலை இல்லை என்று குழுவே எழுதியிருக்கிறது. மென்பொருளில் இதை, பிழை எங்கே என்று பார்க்காமல் தீர்வை எழுதச் சொல்வது என்போம்.

நியூ சவுத் வேல்ஸில் பாப் கார் அரசாங்கம் அதற்கும் காத்திருக்கவில்லை. 2002 ஜூனிலேயே சிவில் பொறுப்புச் சட்டம் வந்துவிட்டது. இழப்பீட்டுத் தொகைகளுக்கு அது வரம்பு கட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டாம் பாகமும் சேர்ந்தது: வெளிப்படையாகத் தெரியும் ஆபத்துக்கு எச்சரிக்கை தேவையில்லை, ஆபத்தான பொழுதுபோக்கில் நேரும் விபத்துக்கு வழக்கு இல்லை, சாலை அதிகாரிகளுக்குக் குழி இருப்பது தெரிந்திருந்தால் மட்டுமே பொறுப்பு. இவற்றில் சில நியாயமானவை. "மன்னிக்கவும்" என்று சொன்னால் அது தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்ற பிரிவை நான் மனதார வரவேற்கிறேன். அதுவரை பயத்தால் வாய் திறக்காமல் இருந்த டாக்டர்களும் கடைக்காரர்களும் இப்போது மனிதர்களாகப் பேசலாம்.

அம்மாவின் கையைத் தடுத்தது 16ஆம் பிரிவு. வலிக்கும் வேதனைக்குமான இழப்பீடு பற்றியது அது. 'மிகக் கொடிய நிலை' ஒன்றை நூறு என்று வைத்துக்கொண்டு, இந்தக் காயம் அதில் எத்தனை சதவீதம் என்று நீதிபதி மதிப்பிட வேண்டும். கழுத்துக்குக் கீழே செயலிழப்பது நூறுக்குப் பக்கத்தில் என்றால், மணிக்கட்டு எங்கே நிற்கும்? 15க்குக் கீழே இருந்தால் இழப்பீடு பூஜ்யம். 15ஐத் தொட்டாலும் நேர்விகிதத்தில் கிடைக்காது. சட்டத்திலேயே ஓர் அட்டவணை இருக்கிறது. 15 சதவீதக் காயத்துக்கு உச்சத்தொகையில் 1 சதவீதம். 20க்கு 3.5. 30க்கு 23. 33க்கு 33. அதற்கு மேல்தான் நேர்விகிதம். 2002ல் உச்சத்தொகை 3,50,000 டாலர். பிறகு ஆண்டுதோறும் ஏற்றப்பட்டுவருகிறது. அந்தத் தொடக்கக் கணக்கில் 20 சதவீதக் காயத்துக்கு நேர்விகிதப்படி 70,000 கிடைக்க வேண்டும். அட்டவணைப்படி கிடைப்பது 12,250.

மெல்பர்ன் வாசகர்களுக்கு: விக்டோரியாவில் வேறு அளவுகோல். அங்கே மருத்துவர் நிரந்தர ஊனத்தைச் சதவீதமாகக் கணக்கிட வேண்டும். உடல் காயமானால் 5 சதவீதத்துக்கு மேல், முதுகெலும்பானால் 5, மனப் பாதிப்பானால் 10 இருந்தால்தான் வலிக்கு இழப்பீடு கேட்க முடியும்.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. எதிர்காலத்தில் வாராவாரம் தேவைப்படும் பணத்தை இன்றே மொத்தமாகக் கொடுக்கும்போது, அதை முதலீடு செய்தால் வட்டி வரும் என்று கழித்துக் கொடுப்பார்கள். பழைய வழக்குச் சட்டத்தில் அந்த விகிதம் 3 சதவீதம். புதிய சட்டத்தில் 5. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். வாரம் 1,000 டாலர் பராமரிப்புச் செலவு, 40 ஆண்டுகள் என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். 3 சதவீதத்தில் சுமார் 12 லட்சம் டாலர். 5 சதவீதத்தில் சுமார் 8.9 லட்சம். மூன்று லட்சம் டாலர், அதாவது கால் பங்கு, காணாமல் போகிறது. போண்டாய் வழக்கைப் போலப் பத்திரிகையில் வராத எண் இது.

கணக்கு ஏன் சரிவரவில்லை?

இப்போது வழக்கறிஞர் சொன்னது எனக்குப் புரிந்தது. இழப்பீட்டில் மூன்று பெரிய பகுதிகள்: இழந்த சம்பளம், செலவு, வலி. சம்பளத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் இந்தப் 15 சதவீதத் தடை இல்லை. அதே தண்ணீரில் நான் வழுக்கி அதே மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தால், இரண்டு மாதச் சம்பளம் போயிற்று என்று சீட்டைக் காட்டியிருப்பேன். அம்மாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. நாற்பது ஆண்டுகள் அவர் செய்த வேலைக்கு யாரும் சீட்டு கொடுத்ததில்லை. அவர் இழந்தது வலியும், தூக்க முடியாத தோசைக் கல்லும்தான். அந்தத் தலைப்பில்தான் பூஜ்யம். நாங்கள் அவருக்குத் தலைவாரி, குளிக்க உதவி செய்ததற்காவது ஏதும் உண்டா என்றால், குடும்பத்தினர் இலவசமாகச் செய்யும் உதவி வாரத்துக்கு 6 மணி நேரமாவது இருந்து, 6 மாதமாவது நீடித்தால்தான் கணக்கில் வரும். ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்துவிட்டோமே!

மேலும், கிடைக்கும் தொகை ஒரு லட்சம் டாலருக்குள் என்றால், எதிர்த்தரப்பிடமிருந்து பெறும் வக்கீல் செலவுக்கும் வரம்பு உண்டு: அத்தொகையில் 20 சதவீதம் அல்லது 10,000 டாலர், எது அதிகமோ அது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் நம் தலையில். சின்ன வழக்கை எந்த வழக்கறிஞரும் எடுக்கத் தயங்குவார், அதில் தவறில்லை.

வீட்டுப் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், குழந்தைகள். சம்பளம் இல்லாத இவர்கள்தான் இந்தத் தடையில் முதலில் சிக்குகிறார்கள். பொய் வழக்குகளை ஒழிக்கிறோம் என்றுதான் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் சட்டம் வழக்கு உண்மையா பொய்யா என்று சோதிப்பதில்லை. பெரியதா சின்னதா என்றுதான் அளக்கிறது. பெரிய பொய் உள்ளே போகலாம். சின்ன உண்மை போக முடியாது.

மறுதரப்பின் நியாயம்

இதை ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஏனென்றால் நான் மேசையின் மறுபுறமும் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். அரங்கம் வாடகைக்கு எடுக்கவும், பூங்காவில் பொங்கல் வைக்கவும் நகராட்சி முதலில் கேட்பது பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சான்றிதழைத்தான். மூத்த உறுப்பினர்கள் 2002 காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். பிரீமியம் மடங்கு மடங்காக ஏறியது. சில அமைப்புகளுக்கு இன்ஷூரன்ஸ் தரவே ஆளில்லை. ஊர்த் திருவிழாக்கள் ரத்தாயின. எங்கள் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடி ஒருவன் பல்லை உடைத்துக்கொண்டபோது, என் மனதில் முதலில் வந்தது அவன் பல் அல்ல, எங்கள் பாலிசி. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது நியூ சவுத் வேல்ஸின் தலைமை நீதிபதியாக இருந்த ஜேம்ஸ் ஸ்பிகல்மனும் 2002ல், கவனக்குறைவுச் சட்டம் நலத்திட்ட அரசின் கடைசிக் காவல்நிலையம் போல ஆகிவிட்டது என்ற பொருளில் ஓர் உரை ஆற்றினார். பாதிக்கப்பட்டவர்மேல் உள்ள இரக்கத்தால், பணம் உள்ள யார் மீதாவது பழியை இறக்குகிறார்கள் நீதிபதிகள் என்பது அவர் கவலை. அதில் உண்மை இருக்கிறது.

சட்டம் வேலை செய்ததா? வழக்குகள் குறைந்தன. ஸ்பிகல்மன் பிற்பாடு எடுத்துக்காட்டிய கணக்கில், மாவட்ட நீதிமன்றத்தில் 2001ல் தாக்கலான சிவில் வழக்குகள் இருபதாயிரத்துக்கு மேல். 2003ல் எட்டாயிரத்துக்கும் கீழ். சட்டங்கள் மாறப்போகின்றன என்று அவசரமாகப் போட்ட வழக்குகளும் 2001ல் சேர்ந்திருக்கும் என்பதால் முழுச் சரிவையும் இந்தச் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. பிரீமியமும் சில ஆண்டுகளில் இறங்கியது. ஆனால் பிரீமியம் ஏறியதற்கு வழக்குகள் மட்டும் காரணமல்ல, ஒரு கம்பெனி கணக்கைத் தப்பாகப் போட்டதும் காரணம் என்று பார்த்தோம். அந்தத் தப்பின் விலையில் ஒரு பங்கை வழுக்கி விழுந்தவர்கள் கொடுத்தார்கள். டேவிட் இப் அவர்களே 2007ல் பேசும்போது, பாதிக்கப்பட்டவர்கள் முன் வைத்த தடைகளில் சில அளவுக்கு மீறி உயரமாகிவிட்டன என்று ஒப்புக்கொண்டார். சட்டம் மாறவில்லை.

வேறு வழி உண்டா?

உண்டு. பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. நியூசிலாந்தில் நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் 1967ல் ஓர் அறிக்கை கொடுத்தார். விபத்து யார் தவறு என்று தேடுவதை விட்டுவிட்டு, காயம் பட்ட எல்லோருக்கும் சமூகமே பொறுப்பேற்க வேண்டும் என்றார். 1974 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலாளிகள், சம்பளக்காரர்கள், வாகன உரிமையாளர்கள் கட்டும் தீர்வையிலிருந்தும் வரியிலிருந்தும் பணம் வருகிறது. பதிலுக்கு, காயத்துக்காக வழக்கு போடும் உரிமையை மக்கள் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தார்கள். அதிலும் குறை உண்டு. விபத்தில் கால் போனவருக்குக் கிடைப்பது நோயில் கால் போனவருக்குக் கிடைப்பதில்லை.

ஆஸ்திரேலியாவும் இதைச் செய்யப் பார்த்தது. விட்லம் அரசாங்கம் அதே வுட்ஹவுஸை அழைத்து 1974ல் அறிக்கை வாங்கியது. மசோதா சட்டமாகும் முன் 1975 நவம்பர் 11 வந்தது, ஆட்சி கலைக்கப்பட்டது. அதன்பின் துண்டு துண்டாகத்தான் வந்தது: வேலையிடக் காயத்துக்கு ஒரு திட்டம், சாலை விபத்துக்கு ஒன்று, 2013ல் நிரந்தர ஊனமுற்றோருக்கு என்.டி.ஐ.எஸ். இந்தியாவிலும் மோட்டார் வாகனச் சட்டத்தில் யார் தவறு என்று பார்க்காமல் ஒரு குறிப்பிட்ட தொகை கொடுக்கும் பிரிவு இருக்கிறது. இப்போது சாவுக்கு 5 லட்சம், பெருங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய்.

இந்தத் துண்டுகளை வைத்து அம்மாவின் மணிக்கட்டை நான்கு இடத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். அந்தக் கடைத் தரையைத் துடைக்கும் வேலையில் இருந்து வழுக்கியிருந்தால், தொழிலாளர் இழப்பீடு. யார் தவறு என்ற கேள்வி இல்லை. ஐம்பது அடி தள்ளி, கார் நிறுத்துமிடத்தில் ஒரு கார் தட்டி விழுந்திருந்தால், நியூ சவுத் வேல்ஸின் வாகன விபத்துத் திட்டத்தில் முதல் 52 வாரம் வரை சிகிச்சைச் செலவு; அங்கும் யார் தவறு என்று பார்க்கமாட்டார்கள். ஆக்லாந்துக்குச் சுற்றுலா போய் விழுந்திருந்தால், பயணியாக இருந்தாலும் அங்கே நடக்கும் சிகிச்சைக்கு அந்த நாட்டுத் திட்டம் உதவியிருக்கும். விழுந்தது சிட்னியில், பழக்கடை வாசலில். எனவே ஒன்றும் இல்லை. என்.டி.ஐ.எஸ்.ஸும் கிடையாது; குடியுரிமையும் இல்லை, வயதும் 65ஐத் தாண்டிவிட்டது.

எனக்குப் பெரிய தொகை வேண்டாம். அம்மாவுக்கும் வேண்டாம். ஊரில் ஆறு மாதம் பிஸியோதெரபிக்கும், வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வைக்கவும் ஆகிற பணத்தை நானே அனுப்பிவிட்டேன்; அனுப்ப முடிந்த இடத்தில் இருக்கிறேன். அனுப்ப மகன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. யாரையும் குற்றவாளியாக்காமல், சின்னக் காயத்துக்குச் சின்ன உதவி செய்யும் பொதுத்திட்டம் இருந்தால் கடைக்காரருக்கும் பயமில்லை, தமிழ்ப் பள்ளிக்கும் பயமில்லை. அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு வழக்கு போடும் உரிமையைக் குறைத்திருந்தால் அது சீர்திருத்தம். 2002ல் நடந்தது பாதிதான்: எடுத்துக்கொண்டார்கள், கொடுக்கவில்லை.

போன வாரம் தொலைபேசியில் இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்தப் பசுவோட கன்னுக்குட்டிக்குக் கால்தான் ஒடிஞ்சிருந்ததுன்னா, மணி அடிச்சிருக்கக் கூடாதுங்கிறியா?" என்றார். பதில் தெரியவில்லை. விரல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மார்கழிக்குள் கோலம் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.